ஏணி ஏறாத இதயம்

காலை ஒன்பது பத்துக்கு, பதினான்காவது மாடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கான்கிரீட் கலவைத் தொட்டி நடுவானில் நின்றது.

கிரேன் நிற்பது அதிசயம் இல்லை. காற்று பலமாக அடித்தால் நிற்கும், மின்சாரம் போனால் நிற்கும், மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம் வந்தாலும் நிற்கும். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை வரும். அன்று வரவில்லை. கீழே சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் மூன்று முறை வேலையிட முறைப்படி கூப்பிட்டாள். "பருந்து, கேக்குதா? பருந்து?" நான்காவது முறை அவள் வாயிலிருந்து வந்தது "அக்கா" என்ற சொல்தான்.

பருந்து என்பது கட்டட வேலையிடத்தில் அந்தக் கிரேன் ஓட்டுநருக்கு வைத்த பெயர். அத்தனை உயரத்தில், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில், இரண்டு கைப்பிடிகளை வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தையே தூக்கி நிறுத்துகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? கைப்பிடியிலிருந்து கை நழுவினால் கிரேன் தானாக நின்றுவிடும். அதனால் தொட்டி கீழே விழவில்லை, அந்தரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அடியில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். சிக்னல்காரி மட்டும் தொட்டிக்கு நேர் கீழே, வாக்கி டாக்கியை வாயருகே வைத்தபடி, நகராமல் நின்றாள். சைட் மேனேஜர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

தீயணைப்புக்காரர்கள் ஏறிப் பார்த்தார்கள். கூண்டின் தரைக்கதவு உள்ளிருந்து தாழிட்டிருந்தது. உடைத்து உள்ளே போனார்கள். பருந்து இருக்கையில் சரிந்து கிடந்தாள். உயிர் இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தவர், தனக்கே சந்தேகம் வந்து, இன்னொருவரையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டுவிடலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் இதய மருத்துவர் போலீசுக்கு போன் செய்தார். இது தானாக நடந்ததாகத் தனக்குத் தோன்றவில்லை என்றார்.

வழக்கு வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டருக்கு நாற்பத்தெட்டு வயது. திருடர்களைவிட மாடிப்படிகளை அதிகம் வெறுக்கும் பெண்மணி. எதற்கெடுத்தாலும் 'ஏன்?' என்று கேட்பதால் 'ஏன் மேடம்' என்று ஸ்டேஷனில் ஒரு பெயர் உண்டு. அது தனக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பும்படி அவர் நடந்துகொள்வார்.

வேலையிடத்தில் கிரேனின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரும்புச் சட்டங்களால் ஆன கோபுரம். அதன் வயிற்றுக்குள்ளேயே மேலே போகும் ஒரு ஏணி. நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சின்னச் சின்ன மேடைகள்.

"லிஃப்ட் இல்லையா?" என்று கேட்டார்.

சைட் மேனேஜர் இல்லை என்று தலையாட்டினார். தினமும் காலையில் ஏழே கால் மணிக்குப் பருந்து ஏறத் தொடங்குவாள், ஏழரைக்கு மேலே இருப்பாள், மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டாள் என்றார்.

"மேல தீயணைப்புக்காரங்க பாத்துட்டாங்க மேடம். அங்க யாரும் இல்ல" என்றார் சப் இன்ஸ்பெக்டர். வேகமான இளைஞர். முடிவுக்கு வருவதில் இன்னும் வேகம்.

"யாரும் இல்லேன்னு பாக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஏணியைப் பிடித்தார்.

பாதி வழியிலேயே தன் வாய்த்துடுக்கை நொந்துகொண்டார். மூன்றாவது மேடையில் உட்கார்ந்தார். ஐந்தாவது மேடையில் மறுபடி உட்கார்ந்தார். கூண்டுக்குள் போய்ச் சேர்ந்தபோது இதயம் காதுக்குள் இடித்துக்கொண்டிருந்தது. பருந்தின் இருக்கையில் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்தபடி, அது அடங்கும்வரை எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலேயே ஏறி வந்த சைட் மேனேஜர், ஏறிப் பழகிய மனிதர்தான், அவரும் தரைக்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பிறகு பார்த்தார். காலடியில் சின்ன மின்சார ஹீட்டர். கொக்கியில் இரண்டு ஜோடிக் கையுறைகள், ஒன்று மெல்லியது, ஒன்று கம்பளி. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை யாரோ முகம் தெரியாதபடி பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். இருக்கைக்கு அருகில் ஒரு பிளாஸ்க். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் பிடித்து அதன் மூடியைத் திருகினார். திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருகியபோது உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. பிளாஸ்க் நிறைய காபி, விளிம்பு வரை.

"மேல வேற யாராவது வந்திருக்க முடியுமா?"

"முடியாது மேடம். கீழ ரெண்டு பேரு நிக்கறாங்க. ஏணிக்குப் போற கதவு பூட்டு. அவ ஏறினதுக்கு அப்புறம் யாரும் ஏறல."

பருந்தையும், கீழே சிக்னல் கொடுக்கும் அவளுடைய தங்கையையும் பற்றிக் கேட்டார். ஆறு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள், மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி என்றார் மேனேஜர். பருந்து ஓட்டினால் தொட்டியில் சிமெண்ட் தளும்பாது. தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை. போன மாதம் பின்வாசல் பக்கம் லாரியிலிருந்து கம்பிக்கட்டு சரிந்தபோது ஓடிப்போய் ஒரு ஆளைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றியவள். "பருந்துக்கு அந்தப் பக்கம் மறைப்பு. இப்படி ஒண்ணு நடந்ததே சாயந்தரம் இறங்கி வந்தப்புறம்தான் அவளுக்குத் தெரியும்" என்றார்.

"அவங்க உடம்புக்கு ஏதாவது உண்டா?"

மேனேஜர் தயங்கினார். தோல் இறுகுகிற ஏதோ ஒரு நோய், விரலைப் பார்த்தாலே தெரியும் என்றார். அந்த நோய் உள்ளவர்களுக்கு இதயத்திலும் சிக்கல் வரலாம் என்று யாரோ சொன்னதால், கம்பெனி போன மாதம் இதயப் பரிசோதனை கேட்டது. சுத்தமாக இருக்கிறது என்று சான்று வந்தது. அதற்குப் பிறகுதான் அவளை ஏற விட்டோம் என்று இரண்டு தடவை சொன்னார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதை இன்ஸ்பெக்டர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் பருந்து கண் மூடிப் படுத்திருந்தாள். நாற்பது வயது என்று சொன்னார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஆனால் அது இளமை இல்லை. தோல் எலும்போடு இழுத்துக் கட்டியது போல மினுமினுப்பாக இருந்தது. வாய் சின்னதாகச் சுருங்கியிருந்தது. விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டன. நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன.

நர்ஸ் ஒருத்தி அவள் நெஞ்சில், துடிப்பைக் காட்டும் மெஷினின் ஒட்டுகளோடு போராடிக்கொண்டிருந்தாள். இந்தத் தோலில் எதுவும் பிடிக்க மாட்டேன் என்கிறது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒட்டு கழன்று மெஷின் கத்துகிறது என்று அலுத்துக்கொண்டாள். விரலில் மாட்டும் கிளிப்பும் வேலை செய்யவில்லையாம். விரலில் ரத்த ஓட்டம் போதாததால் காது மடலில் மாட்டியிருந்தாள்.

இதய மருத்துவர் கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். நோயை எளிமையாக விளக்கினார். தோல் இறுகுவது வெளியே தெரியும் பாதி. உள்ளேயும் இறுகும். சிலருக்கு நுரையீரல், சிலருக்குச் சிறுநீரகம், சிலருக்கு இதயம். இதயத் தசையில் அங்கங்கே தழும்பு விழுந்தால், துடிக்கச் சொல்லி வரும் மின்சாரம் வழியில் நின்றுபோகும். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடக்கும். மற்றவர்களைவிட இவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், அதனால்தான் அவ்வப்போது சோதிப்பது.

"அப்போ இவங்களுக்கும் அதுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானும் அதைத்தான் முதல்ல நெனச்சேன். ஆனா போன மாசம் ஒரு நாள் முழுக்க நெஞ்சுல கருவியை மாட்டி விட்டோம். ராத்திரி, பகல், வேலை நேரம் எல்லாம் பதிவாகியிருக்கு. நானே உக்காந்து பாத்தேன். ஒரு துடிப்புகூட தப்பல. அப்படி ஒரு இதயம் ஒரு மாசத்துல இந்த நிலைமைக்கு வர்றது ரொம்ப அபூர்வம். துடிப்பைக் குறைக்கிற மாத்திரைங்க இருக்கு. அளவுக்கு மீறிப் போனா இப்படித்தான் ஆகும்."

ரத்தம் பரிசோதனைக்குப் போயிருந்தது. முடிவு வர நாலைந்து நாள் ஆகும். இப்போது துடிப்பு சீராகிவிட்டது, மருந்து உடம்பிலிருந்து வெளியேறிவிட்டது போலிருக்கிறது என்றார். இரவு ஒன்றும் ஆகாவிட்டால் நாளைக் காலை பதினோரு மணிக்குச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடலாம். இங்கே கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குத் திரும்புவதற்குள் சப் இன்ஸ்பெக்டர் பருந்தின் கணவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். காரணங்களும் தயாராக இருந்தன. முந்தின இரவு வீட்டில் பெரிய சண்டை, பக்கத்து வீடு வரை கேட்டிருக்கிறது. காலையில் பிளாஸ்க் நிரப்பிக் கொடுத்தது அவர். சமையலறை அலமாரியில், போன வருடம் இறந்துபோன அவருடைய அப்பாவின் இதய மாத்திரைகள். துடிப்பைக் குறைக்கிற அதே மாத்திரை. மாத்திரையைப் பற்றிச் சொன்னது பருந்தின் தங்கை.

கணவர் மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்பவர். வார்னிஷ் வாசனை சட்டையில் இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"எதுக்குச் சண்டை?"

"இனிமே மேல ஏற வேணாம்னு சொன்னேன். வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்குது அவளுக்கு. டெஸ்டுல ஒண்ணும் இல்லேன்னு வந்தாச்சே, உனக்கென்ன தெரியும்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்."

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. பேசவும் இல்ல. பிளாஸ்க்கை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"அந்த மூடியை யார் மூடினது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை வராத கண்ணீர் அந்தக் கேள்விக்கு வந்தது. அவளால் எந்த மூடியையும் திறக்க முடியாது, அதனால் எப்போதும் பாதி திருகிக் கொடுப்பேன் என்றார். "நேத்து ராத்திரி கோவம் அடங்கல மேடம். கைக்கு வந்த வேகத்துல இறுக்கி மூடிட்டேன். வாசல் வரைக்கும் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கூப்பிட்டுச் சொல்ல மனசு வரல. மேல உக்காந்து ஒரு வாய்கூடக் குடிக்க முடியாம இருந்திருப்பா."

பிளாஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. விஷம் வைப்பவன், குடிப்பவளால் திறக்கவே முடியாதபடி மூடிக் கொடுப்பானா? சப் இன்ஸ்பெக்டர் அசரவில்லை. முந்தின இரவுச் சாப்பாட்டில் கலந்திருக்கலாம் என்றார். இருக்கலாம். அதனால் கணவரை அன்று இரவு வீட்டுக்கு அனுப்ப இன்ஸ்பெக்டரால் முடியவில்லை.

மாலையில் அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கை வராந்தா பெஞ்சில், வேலைக்குப் போட்ட ஒளிரும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மாமா நல்லவர்தான் என்றாள். பிறகு, அந்த மாத்திரை வீட்டில் இருந்தது உண்மைதானே என்றாள். அக்காவுக்கு வேறு எதுவும் ஆகியிருக்க வாய்ப்பே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஏன்?" என்றார் இன்ஸ்பெக்டர், வழக்கம்போல.

"அதான் டெஸ்ட் நல்லா வந்துச்சே மேடம்."

பொய் சொல்பவர்களின் குரல் இன்ஸ்பெக்டருக்குப் பழக்கம். இது அந்தக் குரல் இல்லை. இந்தப் பெண் சொல்வதை அவளே நம்புகிறாள். அதுதான் இன்ஸ்பெக்டரை உறுத்தியது. நம்புகிறவள் ஏன் தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்?

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் எழுந்தபோது இரண்டு காலும் மரக்கட்டை. தொடையைத் தேய்த்து விட்டுக்கொண்டே பல் துலக்கினார். ஒரு படி இறங்கினார், "அம்மா" என்றார், இன்னொரு படி இறங்கினார். மூன்றாவது படியில் நின்றுவிட்டார். அங்கேயே நின்றபடி மருத்துவருக்கு போன் செய்தார்.

ஒன்பதரை மணிக்கு மருத்துவரின் அறையில் கணினித் திரையில் அந்த ஒருநாள் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மலைத்தொடர் போல ஒரே சீரான கோடுகள்.

"டாக்டர், காலையில ஏழே கால்லருந்து ஏழரை வரைக்கும் காட்டுங்க."

அவர் காட்டினார். துடிப்பு எண்பது. எண்பத்து மூன்று. மறுபடி எண்பது. மருத்துவர் திருப்தியாகத் தலையாட்டினார். "பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு."

"அந்த நேரத்துல அவங்க என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?"

"அன்னைக்கும் வழக்கம்போல வேலைக்குப் போகச் சொல்லியிருந்தேன். போயிருப்பாங்க."

"போனாங்க. மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். ஏழே காலுக்கு ஏணியில கால் வெச்சாங்க. நேத்து அதே ஏணியில நான் ஏறினேன் டாக்டர். மேல போய்க் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல. தினம் ஏறுற மேனேஜருக்கே மூச்சு வாங்குது. வீட்டுப் படி ஏறினாலே திணறுற ஒரு பொம்பள அவ்வளவு உயரம் ஏறியிருக்காங்க, இதயம் எண்பதுல நிக்குதா?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த இதயம் ஏணி ஏறல. தரையில நின்னுக்கிட்டு இருந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னொண்ணு. நேத்து உங்க நர்ஸ் ஒட்டு நிக்கலேன்னு அவதிப்பட்டதை நான் பாத்தேன். இந்தப் பதிவுல ஒரு நாள் முழுக்க ஒரு இடத்துலகூட விட்டுப்போகல. வேற யாரோ ஒருத்தரோட தோல் இது."

"நான் கோளாறு இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்" என்றார் மருத்துவர் மெதுவாக. "யாரோடதுன்னு பாக்கல."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பேசினார். வார்டுக்கு மாற்ற வேண்டாம், மெஷினை ஒரு நிமிடம்கூடக் கழற்ற வேண்டாம், இதயத்தை வெளியிலிருந்து துடிக்க வைக்கும் கருவியைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கே தள்ளுகட்டில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

இன்ஸ்பெக்டரின் கண் திரையிலேயே இருந்தது. பதினொன்றேகாலுக்கு ஓர் இடத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அமைதியாக இருந்த துடிப்பு சட்டென்று நூற்று அறுபதுக்குத் தாவி, மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. அப்போது பருந்து கூண்டில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஓடவும் இடம் இல்லை, பயப்படவும் காரணம் இல்லை. இன்ஸ்பெக்டர் சைட் மேனேஜருக்கு போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பிக்கட்டு லாரியிலிருந்து சரிந்தது என்றைக்கு, எத்தனை மணிக்கு?

அதே நாள்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பதினோரு மணிக்கு மேல்.

தங்கை நேற்று உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்ததால் உட்காருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"உன் இதயம் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். "டாக்டர் சொன்னார். ஒரு குறையும் இல்லையாம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் மேலங்கியின் கழுத்துப்பட்டைக்குப் போய் அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

"அக்காவுக்கு மாட்டிவிட்ட கருவியை நீ போட்டுக்கிட்ட. காலையில அக்கா ஏணி ஏறுறப்ப நீ கீழ நின்னுக்கிட்டு இருந்த, அதுல தெரியுது. கம்பி சரிஞ்சப்ப நீ ஓடின, அதுவும் தெரியுது. உன் மாமா யாருக்கும் எதுவும் குடுக்கல. அக்காவைச் சாய்ச்சது அவங்க இதயம். அது கெட்டுக்கிட்டு இருக்குன்னு தெரியாமப் போனதுக்குக் காரணம் நீ."

அவள் அழுதாள். அழுது முடித்ததும் அவளே சொன்னாள்.

யோசனை அக்காவுடையது. இரண்டு மாதமாக ஒவ்வொரு மேடையிலும் நின்று நின்றுதான் ஏறிக்கொண்டிருந்தாள். பரிசோதனையில் ஏதாவது வந்துவிட்டால் கீழே இறக்கிவிடுவார்கள். கீழே என்றால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும், கடையில் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பார்கள். மேலே போனால் அவள் பருந்து. கருவியை மாட்டிக்கொண்டு வந்த அன்று மாலையே, வீட்டுக்குப் போகும் முன், தங்கை வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றி இவளுக்கு ஒட்டினாள். மடங்கிய விரல்களால் அவளே ஒட்டினாள். மறுநாள் மாலை திரும்பவும் மாற்றிக்கொண்டார்கள். மாமாவுக்கு எதுவும் தெரியாது.

"சரி. அப்புறம் நேத்து ஏன் மாமா மேல கை காட்டின?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குப் புரியாமல் இருந்தது இது ஒன்றுதான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரிப்போர்ட் வந்த அன்னைக்கு அக்கா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா மேடம். பாத்தியா, எனக்கு ஒண்ணும் இல்லன்னா. நானும் ஆமாக்கான்னேன். ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டோம், சிரிச்சோம். அது என்னோட ரிப்போர்ட்டுன்னு எங்க ரெண்டு பேருக்கும் மறந்தே போச்சு. அதுக்கப்புறம் அக்கா மூச்சு வாங்கினாக்கூட, டெஸ்டுதான் நல்லா இருந்துச்சேன்னு நானே சொல்லுவேன். நேத்தும் அதைத்தான் நம்பினேன், அப்போ மாத்திரைதான் காரணமா இருக்கணும்னு தோணுச்சு. நம்பாம இருந்தா அக்கா கிடக்கிற ரூம் வாசல்ல நான் நின்னிருக்கவே முடியாது."

இத்தனை வருட வேலையில் இன்ஸ்பெக்டர் பல பொய்களைப் பார்த்திருக்கிறார். சொன்னவர்களையே விழுங்கிவிட்ட பொய்யை அன்றுதான் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, துக்கமாக இருந்தது. போனை எடுத்து சப் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, கணவரை உடனே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார், நீங்களே கூட வந்து மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொன்னார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பருந்தின் இதயம் மறுபடி தடுமாறி, நின்றேவிட்டது. இந்த முறை திரையில் அது எல்லோருக்கும் தெரிந்தது. கோடு நேராக ஓடியது. மருத்துவர் அறையில்தான் இருந்தார், கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்தாறு நொடி. பிறகு வெளியிலிருந்து போன மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டு அது துடிக்கத் தொடங்கியது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு கம்பியை இதயத்துக்குள் இறக்கி, தற்காலிகமாகத் துடிப்பை ஓட்டினார்கள். வார்டின் கடைசியில், மெஷின் இல்லாத கட்டிலில் இது நடந்திருந்தால், தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியது. இன்ஸ்பெக்டர் போனபோது கணவர் கட்டிலின் ஒரு பக்கம் அமர்ந்து அவளுடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். தங்கை கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எல்லாம் சொன்னாங்க" என்றாள் பருந்து. சுருங்கிய வாயிலிருந்து சொற்கள் மெதுவாக வந்தன. "அவளை ஒண்ணும் பண்ணாதீங்க மேடம். ஒட்டினது நான். என் உசுரு, நான் பந்தயம் வெச்சேன். வேற யாருக்கும் அதுல நஷ்டம் இல்ல."

பொய்யான பரிசோதனை கொடுத்ததற்குத் தனி வழக்கு உண்டு, அதில் இரண்டு பேருமே இருக்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் மறைக்காமல் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்க கை நழுவினப்ப தொட்டி அந்தரத்துல நின்னுச்சு. சாயும்போது உங்க கை கைப்பிடியைக் கீழ தள்ளியிருந்தா அது நேரா இறங்கியிருக்கும். கீழ இருந்தவங்க எல்லாரும் ஓடிட்டாங்க. ஒருத்தர் மட்டும் அதுக்கு நேர் அடியில நின்னு உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இழுத்துட்டுப் போக வேண்டியிருந்துச்சாம்."

பருந்து அது யார் என்று கேட்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். இறுகிய அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. அழுவதற்குக்கூடத் தோல் இடம் கொடுக்காத முகம். கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது.

"உள்ள வாடி" என்றாள்.

தங்கை வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அந்த நேரத்தில் மருத்துவர் உள்ளே வந்தார். நிரந்தரமாக ஒரு பேஸ்மேக்கர் பொருத்த வேண்டும், தோளுக்குக் கீழே சின்ன அறுவை, அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது இதயத்தைப் பார்த்தாக வேண்டும் என்றார். கிரேன் இனிமேல் இல்லை என்பதையும் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். சம்மதக் கையெழுத்து வேண்டும், உங்களால் பேனா பிடிக்க முடியாவிட்டால் வீட்டு ஆள் யாராவது போடலாம் என்றார் மருத்துவர்.

பழக்கதோஷத்தில் தங்கையின் கை பேனாவுக்கு நீண்டது.

"வேணாம்" என்றாள் அக்கா. "இது என்னோட நெஞ்சு. நானே போடுறேன்."

கணவர் காகிதத்தை அட்டையில் வைத்துப் பிடித்தார். மடங்கிய விரல்களுக்கு நடுவில் பேனா இரண்டு முறை நழுவியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. மூன்றாவது முறை அது நின்றது. அவள் தன் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக, முழுவதும் எழுதி முடித்தாள்.